ரோட்டைத் தாண்ட 18 ஆயிரம் டாலர்!

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பௌலிங் கிரீன் என்று ஓர் ஊர். நாஷ்வில்லில் காபி குடித்துவிட்டு 65-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் வடக்கே கிளம்பினால், அடுத்த காபிக்கு ஆசை வருவதற்குள் வந்துவிடும். இரண்டு பக்கமும் புல்வெளி, குதிரை, சர்ச், மறுபடி புல்வெளி. 'இதென்னடா, திண்டிவனம் தாண்டின மாதிரி ஒரே சீராகப் போகிறதே' என்று கண்ணைச் சொருகும்போது, திடீரென்று ரோட்டோரம் ஒரு பிரம்மாண்டமான மஞ்சள் கூம்பு. பக்கத்தில் வானத்தைக் குத்துகிற சிவப்புத் தூண்.

கோயில்தான். ஆனால் சாமி, கார்!

கார்வெட் என்கிற ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்காகக் கட்டிய மியூசியம் அது. 1994-ல் திறந்தார்கள். கூப்பிடு தூரத்தில் அந்தக் காரைச் செய்கிற ஜெனரல் மோட்டார்ஸ் ஃபேக்டரி. 1981-லிருந்து உலகத்தில் விற்கிற கார்வெட் எல்லாம் இந்த ஒரே ஊரில் பிறந்தவைதான். இங்கே மணப்பாறை முறுக்கு மாதிரி, அங்கே பௌலிங் கிரீன் கார்வெட்.

இந்த மியூசியத்தில் ஒரு விசேஷ ஏற்பாடு உண்டு. காசு கொடுத்து கார் வாங்குகிறவர், தனிக் கட்டணம் கட்டினால், தன் புது வண்டியை மியூசியத்துக்குள்ளேயே டெலிவரி எடுத்துக்கொள்ளலாம். ஃபேக்டரியிலிருந்து கார் ரோட்டைத் தாண்டி வரும். துடைத்துப் பளபளப்பாக்கி நிறுத்தி, ஒவ்வொரு பட்டனையும் விளக்கிச் சொல்லி, சாவியைக் கொடுப்பார்கள். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி நடக்கும்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். கார் நகர்வது ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு. ஆனால் போக்குவரத்துச் செலவு என்று எல்லோரிடமும் வாங்குகிற தொகையை இவரிடமும் வாங்கிவிடுவார்கள். கலிஃபோர்னியாவுக்கு 3,000 கிலோமீட்டர் போனாலும் அதே சார்ஜ், எதிர்ச்சாரிக்குப் போனாலும் அதே சார்ஜ். நம்ம ஊர் ஆட்டோக்காரர் கேட்டால் "அட, இது தெரியாமப் போச்சே" என்று வருத்தப்படுவார்.

அதைவிடப் பெரிய வேடிக்கை, வாங்குகிறவர் ஃபேக்டரி வாசலில் நின்று "இந்தாப்பா பணம், கொடு காரை" என்று கேட்க முடியாது. கார் ரோட்டைத்தான் தாண்டுகிறது. காகிதம் மட்டும் ஏதோ ஒரு டீலர் கடையைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அங்கேதான் கதையே.

2022 ஜூனில் என் சித்தப்பா மகன் அப்படி ஒரு நீலக் காருக்குக் காத்திருந்தான். நாஷ்வில்லில் கம்ப்யூட்டர் உத்தியோகம். கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டல் சுவரில் ரஜினிக்குப் பக்கத்தில் கார்வெட் போஸ்டர் ஒட்டின ஆசாமி. ஆறு வருஷம் பழைய டொயோட்டாவை ஓட்டி, மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு போய்ச் சேர்த்த பணம். 14 மாதம் முன்னால் ஆயிரம் டாலர் அட்வான்ஸ் கட்டியிருந்தான். "ஸ்டிக்கர் விலைக்கே தர்றோம்" என்று டீலர் கடையில் வாயால் சொன்னார்கள். நான் லீவில் போயிருந்த வாரம், கார் தயார் என்று போன் வந்தது. சனிக்கிழமை மியூசியத்தில் டெலிவரி, வியாழக்கிழமை கையெழுத்து.

ஸ்டிக்கர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் புதுக் கார் எதுவானாலும் அதன் ஜன்னலில் ஒரு காகிதம் ஒட்டியிருக்க வேண்டும். அடிப்படை விலை எவ்வளவு, கூடுதல் சாமான் எவ்வளவு, போக்குவரத்து எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். ஓக்லஹாமா செனட்டர் மைக் மன்ரோனி 1958-ல் கொண்டுவந்த சட்டம். இன்றைக்கும் அந்தக் காகிதத்துக்கு 'மன்ரோனி' என்றே பெயர். வாங்குகிறவர் கைக்குப் போகும்வரை அதைக் கிழிப்பது குற்றம்.

அப்புறம் என்ன கவலை என்கிறீர்களா? அந்த மொத்த விலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், 'உற்பத்தியாளர் சிபாரிசு செய்யும் சில்லறை விலை'. கவனியுங்கள்... சிபாரிசு! சிபாரிசுக் கடிதத்துக்கு நம்ம ஊர் ஆபீஸில் என்ன மரியாதையோ, அதே மரியாதைதான் அங்கேயும். டீலர் தனி வியாபாரி. கம்பெனியிடம் காரை வாங்கி அவர் விற்கிறார். குறைத்தும் விற்கலாம், கூட்டியும் விற்கலாம். மன்ரோனியைக் கிழிக்கத்தான் கூடாது. பக்கத்தில் இன்னொரு காகிதம் ஒட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே!

அந்த இரண்டாவது காகிதத்தைத்தான் வியாழக்கிழமை பார்த்தோம். டயரில் நைட்ரஜன் அடித்ததற்கு ஒரு தொகை. (நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான். மீதி 22-க்கு இத்தனை டாலரா!) பெயின்ட் பாதுகாப்பு என்று ஒரு தொகை. கடைசியில் பெரிய எழுத்தில், 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்'. ஸ்டிக்கர் விலை 74 ஆயிரம் டாலர். அதற்கு மேல் எல்லாம் சேர்த்து 18 ஆயிரம். அப்போதைய கணக்கில் சுமார் 14 லட்சம் ரூபாய்.

"அண்ணா, இது என்னன்னு கேளேன்" என்றான் தம்பி. அவனுக்குக் குரலே வரவில்லை.

சேல்ஸ்மேன் ரொம்ப மரியாதையான மனிதர். கூலாகச் சொன்னார். "சார், நீங்க வீடு விற்கிறீங்க. பத்துப் பேர் போட்டி போட்டு அதிக விலை கேட்டா வேண்டாம்னு சொல்லுவீங்களா? விற்காத கார்ல எல்லாம் நாங்க நஷ்டத்துக்குக் குறைச்சுத் தர்றோமே, அப்ப யாராவது வந்து ஸ்டிக்கர் விலை முழுசா வாங்கிக்கோன்னு சொன்னாங்களா?"

"போன வருஷம் ஸ்டிக்கர் விலைன்னு சொன்னீங்களே?"

"அது போன வருஷம் சார்."

பேசுவதற்கு இனி என்ன இருக்கிறது? "இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் வெச்சிருப்பேன். லிஸ்ட்ல அடுத்த ஆள் ரெடி" என்றார். தம்பி பேனாவைக் கையில் எடுத்தான். உருட்டினான். மேஜையில் வைத்தான். ஆயிரம் டாலர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். பார்க்கிங்கில் அந்தப் பழைய டொயோட்டாவைத் திறக்கக் கை நடுங்கியது.

சனிக்கிழமைக்கு லீவு போட்டாயிற்று. "பரவாயில்ல அண்ணா, மியூசியமாவது பார்த்துட்டு வரலாம்" என்றான்.

மியூசியம் நிஜமாகவே பார்க்க வேண்டிய இடம். 1953-ல் முதல் வருஷம் செய்ததே 300 கார்கள்தான். எல்லாம் வெள்ளை, உள்ளே சிவப்பு. அதில் ஆரம்பித்து வரிசையாக நிற்கின்றன. 1983 மாடலில் உலகத்திலேயே ஒரே ஒரு கார்தான் இருக்கிறது. அந்த வருஷம் சோதனைக்காகச் செய்ததோடு சரி, விற்பனைக்கு விடவே இல்லை. தப்பிப் பிழைத்த அந்த ஒற்றைக் கார் இங்கே. நல்லவேளை, அதை விற்பதில்லை. விற்றால் அட்ஜஸ்ட்மென்ட் எவ்வளவோ!

2014 பிப்ரவரி 12, விடியற்காலை. அந்த மஞ்சள் கூம்பின் தரை அப்படியே உள்ளே போய்விட்டது. இந்த வட்டாரம் முழுக்க அடியில் சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் அரித்து அரித்து உள்ளே பொந்து பொந்தாகக் கிடக்கும். உலகத்திலேயே நீளமான மாமத் குகை பக்கத்தில்தான். எட்டு கார்வெட்டை பூமி விழுங்கிவிட்டது. அதில் பத்து லட்சமாவது கார்வெட்டும் உண்டு. ஆள் இல்லாத நேரம், உயிர்ச்சேதம் இல்லை. கிரேன் வைத்துத் தூக்கினார்கள். மூன்றைச் சரிசெய்தார்கள், மற்ற ஐந்தை நசுங்கினபடியே காட்சிக்கு வைத்துவிட்டார்கள். அதைப் பார்க்கத்தான் கூட்டம்! தம்பி அந்தத் தகர மூட்டைகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "இதுக்கு எவ்வளவு மேல கேப்பாங்க அண்ணா?" என்றான். இரண்டு நாளில் அவன் சொன்ன முதல் ஜோக்.

டெலிவரி கார்கள் நிற்கும் இடத்தில் ஐந்தாறு புது வண்டிகள். அதில் ஒன்று நீலம். தம்பி மெல்ல அதன் பக்கத்தில் போனான். ஜன்னல் காகிதத்தைக் குனிந்து படித்தான். நிமிர்ந்தான்.

"நம்மளுது இல்ல. இதுல சீட் கலர் வேற."

'நம்மளுது' என்றுதான் சொன்னான்.

அந்த நீலக் காருக்கு உரியவர் பக்கத்திலேயே நின்றார். எழுபது வயதிருக்கும். தொப்பி, கைத்தடி, கூடவே மனைவி. ஸ்கூல் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவராம். தானாகப் பேச்சுக் கொடுத்தார். "எங்க ஊர் டீலர் 20 ஆயிரம் மேல கேட்டான். தெரியாத ஊருக்கெல்லாம் போன் போட்டேன். ரெண்டு ஸ்டேட் தள்ளி ஒரு பெரிய கடை, ஸ்டிக்கர் விலைக்கு எழுதியே குடுத்தாங்க. ஆனா ஒண்ணரை வருஷம் லைன்" என்றார். கார்கள் ஒதுக்கீடு ஆவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முன்பு நிறைய விற்ற கடைக்குத்தான் புதிதாக நிறைய கிடைக்கும். வருஷத்துக்கு நாலு கார் வருகிற சின்னக் கடை, அந்த நாலிலேயே அறுவடை பண்ணப் பார்க்கும். நானூறு வருகிற கடைக்குப் பேர் கெடாமல் இருப்பதே லாபம்.

"எழுதிக் குடுத்தாங்களா?" என்று தம்பி மறுபடி கேட்டான்.

"எழுதித்தான் வாங்கணும், மகனே" என்றார் பெரியவர்.

கதவைத் திறந்தார்கள். அந்தத் தம்பதி ஓட்டிக்கொண்டு வெளியே போனபோது நின்றவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். தம்பியும் தட்டினான்.

இந்தக் கார் ஏன் இந்தப் பாடு படுத்தியது? 2019 ஜூலையில் இதை அறிமுகம் செய்தபோது என்ஜினை முதல் தடவையாக சீட்டுக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தார்கள். 490 குதிரை சக்தி. ஃபெராரி மாதிரி அமைப்பு. விலையோ 59,995 டாலரில் ஆரம்பம். ஃபெராரி விலையில் கால் பங்குகூட இல்லை. ஜனங்கள் பாய்ந்தார்கள். அதே வருஷம் தொழிலாளர் ஸ்டிரைக். 2020 பிப்ரவரியில் உற்பத்தி ஆரம்பித்து, அடுத்த மாதமே கொரோனா. பிறகு சிப் தட்டுப்பாடு. 2021 டிசம்பரில் சூறாவளி வந்து ஊரில் உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனது; ஃபேக்டரியில் நூற்றுக்கும் மேற்பட்ட கார்கள் பாழாயின. பிளாக் டிக்கெட் விற்கப் படம் ஹிட்டானால் போதாது, சீட்டும் குறைவாக இருக்க வேண்டும் அல்லவா? இரண்டும் சேர்ந்தது.

புதிய வியாதி இல்லை இது. 1989-ல் மாஸ்டா மியாட்டா என்ற சின்ன இரண்டு சீட் கார் 13,800 டாலருக்கு வந்தபோதும் டீலர்கள் ஆயிரக்கணக்கில் மேலே கேட்டார்கள். நம்ம ஊரில் மாருதி 800 வந்த புதிதில் புக்கிங் சீட்டே விலைபோனதை அப்பாமார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கம்பெனி தட்டிக் கேட்கக் கூடாதா? கேட்டது. 2022 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ், மேலே பணம் கேட்டு வாடிக்கையாளரை நெருக்கும் டீலருக்கு ஒதுக்கீட்டைத் திருப்பிவிடுவோம் என்று கடிதம் எழுதியது. அதற்கு மேல் கை நீளாது. ஒரு காலத்தில் கம்பெனிகள் விற்காத கார்களை டீலர் தலையில் கட்டி, மறுத்தால் கடையைப் பிடுங்கின. அதைத் தடுக்க 1956-ல் மத்திய சட்டம் வந்தது. மாநிலங்களும் தனித்தனியாகச் சட்டம் போட்டன. பல மாநிலங்களில் கம்பெனி தன் டீலரைத் தாண்டி நேராக விற்கவே முடியாது. பலசாலியிடமிருந்து டீலரைக் காப்பாற்றப் போட்ட வேலி. வேலிக்கு வெளியே நின்றது, டப்பா சாப்பாட்டுக்காரன்.

சேல்ஸ்மேன் சொன்னது பொய்யில்லை. தம்பி விட்ட கார் அன்று சாயங்காலமே 18 ஆயிரம் அதிகத்துக்குப் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. வாங்கினவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் 2024-க்குள் ஃபேக்டரி சுதாரித்துக்கொண்டது. கடை முற்றத்தில் கார்வெட் வரிசையாக நிற்க ஆரம்பித்து, சாதாரண மாடலுக்குப் பல இடங்களில் தள்ளுபடியே கிடைத்தது. அந்த 18 ஆயிரம் காரில் எந்த நட்டிலும் போல்ட்டிலும் இல்லை. விற்கப் போனால் யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

அந்த வருஷம் அதே கடையிலிருந்து தம்பிக்கு போன் வந்ததாம். "சார், நீலக் கலர் இருக்கு. ஸ்டிக்கருக்கும் கீழேயே தர்றோம். இன்னிக்கே எடுத்துக்கலாம்."

தம்பி அப்போது எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கார்வெட்டுக்குச் சேர்த்த பணத்தில் வாங்கின ஏழு சீட் வண்டியில் குழந்தை சீட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"மொத்தம் எத்தனை சீட் சார்?" என்று கேட்டானாம்.

"ரெண்டு."

"மூணாவது சீட் வெச்சு அட்ஜஸ்ட்மென்ட் பண்ண முடியுமா?"