மலை எல்லாருக்கும் தெரியட்டும்



போன மாதம் வாலிபர் ஐக்கியக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டான்: "அக்கா, எடின்பரோவில வாடகை கொடுத்தே முடியல. ஆனா ஆர்தர்ஸ் சீட் மறைஞ்சிடும், கோட்டை மறைஞ்சிடும்னு உயரமாக் கட்டவிட மாட்டேங்கிறாங்க. மனுஷனுக்கு வீடு முக்கியமா, மலை முக்கியமா?"

நியாயமான கேள்வி. வீட்டு நெருக்கடி இருப்பதாக நம் நகர கவுன்சிலே 2023 நவம்பரில் அறிவித்தது. ஒரே அறையில் குடும்பமாக இருந்துகொண்டு மாதக்கணக்கில் வீடு தேடியவர்கள் நம் சபையிலும் உண்டு. ஆகவே மலைக்காகப் பேசுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆர்தர்ஸ் சீட் என்றோ அணைந்துபோன எரிமலை. உயரம் 251 மீட்டர்தான். ஆனாலும் பஸ் நிறுத்தத்தில் நின்றாலும், கடைக்குப் போனாலும் அது கண்ணில் படுகிறது. இது தற்செயலாக நடந்ததல்ல. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் இதற்காக வாதாடியிருக்கிறார்கள்.

1767-ல் ஜேம்ஸ் கிரெய்க் புதிய நகரத்துக்கு வரைந்த திட்டத்தில் பிரின்சஸ் ஸ்ட்ரீட்டின் தென்பக்கம் திறந்த வெளியாக இருந்தது. அதை நம்பித்தான் பலர் வடபக்கத்தில் மனை வாங்கினார்கள். சில வருஷங்களில் நகர நிர்வாகம் தென்பக்கத்திலும் கட்ட இடம் கொடுத்தது. மனை வாங்கியவர்கள் 1771-ல் வழக்குப் போட்டார்கள். வழக்கு லண்டனில் பிரபுக்கள் சபை வரை போய், 1776-ல் சமரசமாக முடிந்தது: கட்டத் தொடங்கியவை இருக்கலாம், மற்ற இடம் திறந்தே இருக்க வேண்டும். 1816-ல் பாராளுமன்றச் சட்டமும் வந்தது. இன்று அந்தத் தெருவில் ஒரு பக்கம் கடைகளும், எதிர்ப்பக்கம் தோட்டமும் கோட்டைப் பாறையும் இருப்பது இதனால்தான்.

சாலிஸ்பரி க்ராக்ஸ் பாறையும் இப்படித்தான் தப்பியது. பூங்காவின் பரம்பரைக் காவலராக இருந்த பிரபுவே அதை உடைத்துக் கல் விற்றார். லண்டன் தெருக்களுக்குக்கூட அந்தக் கல் போனது. 1831-ல் பிரபுக்கள் சபை, இனி உடைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

அன்று பிரின்சஸ் ஸ்ட்ரீட் வழக்கைப் போட்டவர்கள் வசதி படைத்தவர்கள். தங்கள் ஜன்னலை நினைத்துத்தான் போட்டார்கள். தோட்டத்தின் மேற்குப் பகுதி வெகுகாலம் அவர்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. 1876-ல்தான் அது பொதுமக்களுக்குக் கிடைத்தது. அவர்கள் தங்களுக்காகக் காத்ததை இன்று இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் நாமும் அனுபவிக்கிறோம்.

இப்போதைய விதியும் பணக்காரரின் ஜன்னலைக் காப்பதில்லை. "என் வீட்டு ஜன்னலிலிருந்து மலை மறைகிறது" என்பது பிளானிங்கில் செல்லாத வாதம். கவுன்சில் பட்டியலிட்டிருக்கும் முக்கியக் காட்சிகள் பொது இடங்களிலிருந்து தெரிபவை. நாம் நிற்கும் இடத்திலிருந்து மலைக்கோ கோட்டைக்கோ விசிறிபோல விரியும் ஒரு பார்வைப் பரப்பை வரைபடத்தில் குறிக்கிறார்கள். அதற்குள் எந்த உயரத்துக்கு மேல் கட்டினால் காட்சி கெடும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு கட்டடம் அந்த உயரத்தைத் தாண்டினால் உடனே தடை இல்லை. காட்சிக்கு என்ன ஆகும் என்று தனியாக ஆராய வேண்டும்.

நர்ஸாக இதில் எனக்கு ஓர் அக்கறை உண்டு. ரோஜர் உல்ரிக் என்ற ஆராய்ச்சியாளர் 1984-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவில் பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 23 பேரின் ஜன்னல் மரங்களைப் பார்த்திருந்தது. அவர்களைப் போன்ற இன்னொரு 23 பேரின் ஜன்னல் செங்கல் சுவரைப் பார்த்திருந்தது. மரங்களைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான். ஆனால் படுக்கையை ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லும் முதியவர்களை வார்டில் நானும் பார்க்கிறேன். இந்த ஊரில் பிறந்தவர்கள் மலையைக் கண்டதும் சிறு வயதில் ஏறிய கதையைச் சொல்லத் தொடங்குவார்கள்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நம்மில் சிலர் தரைமட்டத்துக்குக் கீழே உள்ள வீடுகளில் இருக்கிறோம். அந்த ஜன்னலில் தெரிவது சுவர்தான். வசதி உள்ளவர் மலை தெரியும் வீட்டை விலைகொடுத்து வாங்கிக்கொள்வார். மற்றவர்களுக்குத் தெருவில் இறங்கினால்தான் மலை. அதையும் மறைத்துவிட்டால் யாருக்கு நஷ்டம்? வீடு இல்லாமல் தவிக்கிறவருக்குத்தான்.

இன்னொன்று. உயரமாகக் கட்டினால்தான் நிறையப் பேர் குடியிருக்க முடியும் என்பதில்லை. மார்ச்மான்ட், லீத் வாக் பக்கம் நான்கைந்து மாடிகளிலேயே நெருக்கமாக எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன! கால்டன் ஹில் அருகே வானத்தை மாற்றிய அந்த வெண்கல நிற ரிப்பன் கட்டடத்தைப் பாருங்கள். பாரம்பரிய அமைப்புகள் எதிர்த்தும் அனுமதி கிடைத்தது. 2023-ல் அது ஹோட்டலாகத் திறந்தது. நமக்கு அதனால் ஒரு வீடும் கூடவில்லை.

ஆனாலும், சில மாடிகள் கூடினால் ஏழைக் குடும்பங்களுக்கு உண்மையாகவே வீடு கிடைக்கும் இடமும் இருக்கலாம். அங்கே மலை கொஞ்சம் மறைந்தாலும் நான் சம்மதிப்பேன். ஆனால் கேட்டுப் பார்த்துத்தான் சம்மதிப்பேன். புதிய குடியிருப்புத் திட்டங்களில் 35 சதவீதம் கட்டுப்படியாகும் வீடுகளாக இருக்க வேண்டும் என்று நகரத்தின் திட்டமே சொல்கிறது. உயரம் கேட்கிறவர் அத்தனை வீடு தருகிறாரா? அல்லது கட்டுவது ஹோட்டலா?

தங்கள் வீட்டையும் வயலையும் விரித்துக்கொண்டே போய், அயலாருக்கு இடமில்லாமல் செய்தவர்களை ஏசாயா 5-ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. நிலத்தை வாங்கியவர் அதன்மேல் உள்ள வானத்தையும் வாங்கிவிட்டதாக நினைக்கக் கூடாது. மலைகளை உண்டாக்கினவர் கர்த்தர். அவற்றைப் பார்க்கும் சந்தோஷம் எல்லாருக்கும் உரியது.

தம்பி தங்கைகளே, பிளானிங் விண்ணப்பங்கள் கவுன்சில் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கின்றன. விசாவில் வந்தவர்களும் கருத்து எழுதலாம். எழுதுவதற்கு வழக்கமாக 21 நாள் கிடைக்கும். எந்தப் பொது இடத்திலிருந்து என்ன மறைகிறது, எத்தனை வீடுகள் கிடைக்கின்றன என்று இரண்டையும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் பெரியவர்களுக்கு உதவி செய்யுங்கள். அடுத்த வாலிபர் கூட்டத்தில் நம் சபைக்குப் பக்கத்தில் வந்திருக்கும் ஒரு விண்ணப்பத்தைச் சேர்ந்து படிப்போமா?