வளர்ந்த பிள்ளைகளும் வளரும் பின்னலும்

எங்கள் ஊரில் இந்தப் பின்னலுக்குக் குரோஷா என்று பெயர். கொக்கியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. சின்னஞ்சிறு கொக்கி என்பதே அதன் பொருள். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தும் இத்தனை காலம் அந்தப் பொருளை அறியாமலேயே நான் அச்சொல்லை வழங்கி வந்திருக்கிறேன். கல்லூரியில் வணிகவியலுடன் பிரெஞ்சும் பயிலும் என் மகள்தான் ஒருநாள் அதை எனக்குச் சொன்னாள். லேசுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 'தாந்தேல்' என்பார்கள். அதற்குச் சிறு பல் என்று பொருளாம். ஆங்கிலத்து 'லேஸ்' என்ற சொல்லோ, சுருக்குக் கயிற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததாம். நம் தமிழிலும் அப்படித்தானே? பின்னலின் ஒவ்வொரு வளையமும் கண்ணி. பறவை பிடிப்பவன் விரிப்பதும் கண்ணி. "அப்படியானால் உம்மா நாள்தோறும் கண்ணி வைக்கிறார்கள். யார் விழப்போகிறோமோ!" என்று பிளஸ் டூ படிக்கும் என் மகன் சிரித்தான்.

மகளுக்கு வயது பத்தொன்பது. மகனுக்குப் பதினேழு. குழந்தைகள் என்று சொல்லவும் முடியாத, பெரியவர்கள் என்று விட்டுவிடவும் முடியாத பருவம். இந்தப் பருவத்துப் பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கலையை எனக்குக் கற்றுத் தந்தவர் என் மாமியார். அவரைப் பெற்றவர் சைகோன் நகரில் துணிக்கடை வைத்திருந்தவர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம்கள் பலர் அங்கே வாணிபம் செய்ததும், 1935-ஆம் ஆண்டில் அந்நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிலைத்திருப்பதும் நம் வாசகர்கள் அறிந்த செய்திகளே. அந்தக் கடைச் சாமான்களோடு வந்த நூற்பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. நூல் தீர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. டி.எம்.சி. என்ற மூன்றெழுத்து மட்டும் அதன் மூடியில் மங்கலாகத் தெரியும். பிரான்சின் மூலூஸ் நகரில் 1746-இல் தொடங்கிய நிறுவனம் அது. தெரேஸ் தெ தில்மோன் என்ற அம்மையார் 1886-இல் வெளியிட்ட பெண்களின் கைவேலைக் களஞ்சியம் அந்த நிறுவனத்தின் தொடர்பால் உலகெங்கும் பரவியது. என் மாமியார் அப்புத்தகத்தைக் கண்டவரல்லர். அவருடைய மாதிரிகள் எல்லாம் விரல்களில்தான் இருந்தன.

வீட்டைச் சுற்றிப் பார்த்தால் அந்த விரல்களின் வேலை இன்றும் தெரியும். தண்ணீர்க் கூஜாவின் மேல் ஈ மொய்க்காமலிருக்க, ஓரத்தில் மணி கோத்த வலைமூடி. காற்றில் பறக்காமலிருக்க அந்த மணிகளே பாரம். சகன் சாப்பாட்டுத் தட்டுகளை மூடும் வட்ட விரிப்பு. தலையணை உறைக்கு இரண்டு விரற்கடை அகல ஓரம். தொழுகைத் தொப்பிகள். தொலைக்காட்சிப் பெட்டிக்கென்று அவர் போட்ட அன்னாசிப்பூ விரிப்பு மட்டும் அலமாரிக்குள் அடைக்கலமாயிற்று. தொலைக்காட்சி மெலிந்து சுவரில் ஏறிக்கொண்ட பின் விரிப்புக்கு உட்கார இடமில்லை!

ஒருநாள் மகள் தன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். 1275-இல் இறந்த இளவரசர் ஒருவருக்கு ஸ்பெயின் நாட்டின் புர்கோஸ் நகரில் உள்ள கல்லறையில் கிடைத்த தலையணை உறை அது. கொக்கியால் பின்னியது அன்று. கம்பிகளால் பட்டு நூலில் பின்னியது. ஓர் அங்குலத்துக்குச் சுமார் 20 கண்ணிகளாம்! பின்னியவர்கள் அந்நாட்டு முஸ்லிம் கைவினைஞர்கள் என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். ஓரத்தில் கூஃபி எழுத்தில் 'பரக்கத்' என்ற சொல் ஓடுகிறது. கிறிஸ்தவ அரச குடும்பத்தின் தலையணையில் நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் சொல். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி நூலைப் பற்றிச் சிறிது. கடையில் 10, 20, 40, 60 என்று எண் சொல்லித் தருவார்கள். எண் கூடக்கூட நூல் மெலியும். வீட்டுச் சாமான்களுக்கு 20-ஆம் எண் நூலும் 1.25 மில்லிமீட்டர் எஃகு ஊசியும் எனக்குக் கை வந்தவை. அந்த நூலின் மினுமினுப்பு பருத்தியின் இயல்பு அன்று. காரச் சோடாக் கரைசலில் நனைத்து, சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்தால்தான் அந்தப் பளபளப்பு வரும். 1844-இல் ஜான் மெர்சர் என்பவர் கரைசலை மட்டும் கண்டறிந்தார். இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பது 1890 வாக்கில் ஹொரேஸ் லோ என்பவர் கண்டது. கடற்காற்று வீசும் எங்கள் ஊரில் ஊசி துருப்பிடித்துவிடும். ஒரு புள்ளி துரு பட்டாலும் வெள்ளை நூல் பாழ். ஆகவே வேலை முடிந்ததும் ஊசியைத் துடைத்து உலர்ந்த துணியில் சுற்றி வைப்பது வழக்கம்.

"சண்டே மார்க்கெட்டில் மீட்டர் கணக்கில் லேஸ் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?" என்று அண்டை வீட்டார் கேட்பதுண்டு. மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறும் விரியும் அந்தச் சந்தையில் கிடைக்காத பொருள் குறைவு. அங்கே தொங்கும் இயந்திர லேஸ் குரோஷாவைப் போலத் தோற்றம் தரும், அவ்வளவே. கொக்கியால் கண்ணிக்குள் கண்ணி நுழைத்து முடிப்பது இன்றும் கைவேலைதான். ஆனால் நான் பின்னுவதற்குக் காரணம் அது மட்டுமன்று.

மக்ரிப் தொழுகைக்குப் பின் முற்றத்து விளக்கடியில் நான் நூலுடன் அமர்வேன். பிள்ளைகளில் ஒருவர் தண்ணீர் குடிக்க வருவார். மற்றவர் மின்னூட்டக் கம்பியைத் தேடி வருவார். "கல்லூரியில் என்ன நடந்தது?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டால் "ஒன்றுமில்லை" என்ற பதில்தான் வரும். முகத்தைப் பார்க்காமல் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தால் தாமாகவே பக்கத்தில் அமர்வார்கள். எண்ணிக்கையின் நடுவே எனக்கு உடனே பதில் சொல்ல வராது. அந்த இடைவெளியில் அவர்கள் அடுத்த வாக்கியத்தையும் சொல்லிவிடுவார்கள். சொல்ல வந்த செய்தி பெரும்பாலும் அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் இருக்கும். மகனுக்குப் பொறியியலில் விருப்பமில்லை, உணவு விடுதி மேலாண்மை படிக்க ஆசை என்பதை நான் அறிந்தது இப்படித்தான். அவனுடைய வாப்பா அதை ஏற்றுக்கொண்ட கதை தனி, இங்கே வேண்டாம்.

மகளின் செய்திதான் பெரிது. பாரிஸ் புறநகரில் வாழும் என் நாத்தனார் சென்ற ஆண்டு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பிள்ளை பிரெஞ்சுக் குடிமகன். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது; 1962 ஆகஸ்ட் 16-இல்தான் சட்டப்படி இணைந்தது. அப்போது ஆறு மாதக் கெடுவுக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இன்றும் பிரெஞ்சுக் குடிமக்களாய் இருக்கிறார்கள். பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவரைச் 'சொல்தா' என்று எங்கள் ஊரில் மரியாதையுடன் சொல்வார்கள். 'நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளை' என்றால் கல்யாணச் சந்தையில் அதற்கென்றே ஒரு விலை உண்டு. மதம் எதுவாயினும் எங்கள் ஊரில் இந்தக் கணக்கு ஒன்றுதான். இவர்களோ கைக்கூலி எதுவும் வேண்டாம் என்றார்கள். பையனுக்கு நல்ல வேலை, நல்ல குடும்பம், தொழுகையுள்ளவர். நிக்காஹ் மட்டும் மூன்று மாதத்தில் நடக்க வேண்டும் என்றார்கள். துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதும் என் கணவருக்கு இது வானத்திலிருந்து இறங்கிய வாய்ப்பாகத் தோன்றியதில் வியப்பில்லை.

மகள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் மாலை நூலுருண்டையை மடியில் வைத்து எனக்கு நூல் விட்டுக்கொண்டிருந்தாள். "உம்மா, அவர்கள் இரண்டு வருடம் காத்திருப்பார்களா?" என்றாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். "பிரான்சுக்குப் போக எனக்கு விருப்பமில்லாமல் இல்லை. கையில் பட்டம் இல்லாமல் அங்கே போய் என்ன செய்வேன்? உங்களைப் போல லேஸ் பின்னுவேனா?" என்றாள்.

அவள் என்னை இகழ்ந்து சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள். அப்போது நான் ஆறு அடி நீளமும் மூன்றரை அடி அகலமும் கொண்ட மேசை விரிப்பு ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தேன். ஆறு அங்குலச் சதுரங்கள், நீளத்துக்குப் 12, அகலத்துக்கு 7, ஆக 84. ஒன்றுக்கு இரண்டு மணி நேரம். இணைப்பும் ஓரமும் சேர்த்தால் 200 மணி நேரம். இதை 6,000 ரூபாய்க்கு விற்றாலும் நூலுக்கு 1,500 போக, மணிக்கு 22 ரூபாய் 50 காசு என்று மகன் முன்பே கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தான்.

நான் விற்பதற்காகப் பின்னுபவள் அல்லள். ஆனால் விற்றுப் பிழைத்த பெண்கள் எத்தனையோ பேர். அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்துப் பெரும்பஞ்சம் வந்தபோது பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது குரோஷா லேஸ்தான். நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் என்ற பாதிரியார் மனைவி பள்ளிச் சிறுமிகளுக்கு லேஸ் கற்றுக் கொடுத்து ஒரு தொழிலையே ஊன்றினார். எங்கள் ஊர் ரோமன் ரோலண்ட் வீதியில் குளூனி கன்னியரின் பூத்தையல் கூடம் பெண்களுக்கு வேலை தந்து வருகிறது. ஆந்திரத்தின் நரசாபூர்ப் பகுதிப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் பின்னிய லேஸ் கடல் கடந்து போயிற்று. வணிகர்கள் வளம் பெற்றனர். பின்னியவர்களோ வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் என்றே எண்ணப்பட்டனர். ஓய்வு நேர வேலை என்று பெயர் வைத்துவிட்டால் கூலி கேட்க வாயில்லை அல்லவா? கைத்தொழில் ஒன்று தெரிந்தால் பெண்ணுக்குப் போதும் என்று சொல்பவர்கள், அந்தத் தொழிலில் மணிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மகள் பிளஸ் டூ தேறியபோது நான் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன்: பட்டம் பெறும்வரை கல்யாணப் பேச்சு இல்லை என்று. அதை அவள் எனக்கு நினைவூட்டவில்லை. அதுதான் என்னை உறங்கவிடவில்லை. திருக்குர்ஆனின் நஹ்ல் அத்தியாயம் 92-ஆம் வசனத்தில், உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்தழிக்கும் ஒருத்தியின் உவமை வருகிறது. சத்தியத்தை முறிப்பவர்களுக்குச் சொல்லப்பட்ட உவமை அது. நூலைக் கையில் வைத்திருப்பவளுக்கு அந்த வசனத்தைக் கடந்து போவது எளிதன்று. பிழையாகப் போட்ட வரிசையைப் பிரிக்கலாம், நாள்தோறும் பிரிக்கிறோம். சரியாகப் போட்டதை எப்படிப் பிரிப்பது?

கணவரிடம் பேசினேன். ஒரே இரவில் முடிந்த பேச்சு அன்று. "இனி இப்படி ஒரு இடம் வருமா?" என்று அவர் கேட்டார். வரும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? "வராமலும் போகலாம். அவள் படிப்பை முடித்திருப்பாள்" என்றேன். நான்காம் நாள் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவர், தம் லாத்தாவுக்குத் தாமே தொலைபேசியில் செய்தியைச் சொன்னார்.

பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை. காத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் நமக்கு உரிமையில்லை. வேறிடத்தில் நிக்காஹ் முடிந்தது. அவர்கள் நலமாக இருக்கட்டும். நாத்தனார் ஐந்து மாதம் எங்களோடு பேசவில்லை. பெருநாள் வாழ்த்துகூட என் கணவருக்கு மட்டும்தான் வந்தது. மகள் அதைக் கவனித்தாள். படிப்பில் முன்னைவிட இரட்டிப்புக் கவனம் வைத்தாள்; அந்தக் கவனத்தில் ஒரு பாரமும் இருந்தது. ஒருநாள் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டதென்று அழுதவளை, "ஒரு பாடத்தில் குறைந்தால் நம் வாக்கு ஒன்றும் முறிந்துவிடாது" என்று தேற்ற வேண்டியிருந்தது.

விரிப்பு முடிந்துவிட்டது. ஆகஸ்டு விடுமுறைக்கு ஊர் வந்த நாத்தனார், வெளியில் சொல்லாவிட்டாலும் கோபம் தணிந்திருந்தார். உண்மையில் அந்த மேசை அளவு அவர் வீட்டு மேசையின் அளவுதான். மூன்று வருடங்களுக்கு முன் அவர் கேட்டு வைத்தது. பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். மகளின் தலையைத் தடவி, "எந்த வருடம் முடிக்கிறாய்?" என்று கேட்டார்.

சென்ற வாரம் அங்கிருந்து தொலைபேசி வந்தது. விரிப்பைத் துவைத்தாராம், முறுக்கு விட்டுத் தொய்ந்து கிடக்கிறதாம். நான் சமையலில் இருந்ததால் மகளே பேசினாள். ஜவ்வரிசியை நீர்க்கக் காய்ச்சி வடிகட்டி, ஆறிய கஞ்சியில் விரிப்பை நனைக்க வேண்டும். முறுக்கிப் பிழியாமல் துவாலைக்குள் வைத்து ஒற்ற வேண்டும். கொடியில் போடக்கூடாது, பாரம் தாங்காமல் நீண்டுவிடும். தரையில் விரித்து, ஒவ்வொரு முனையாக இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிட வேண்டும். "84 சதுரத்துக்கும் குத்தணுமா?" என்று மாமி கேட்டது எனக்கே கேட்டது. "ஓரத்துக்கு மட்டும் போதும் மாமி" என்றாள் மகள்.