கியூக்கா கரையின் பிடிவாதக்காரர்கள்

நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், வடக்கு தெற்காக நீண்டு ஒடுங்கிய பதினொரு ஏரிகள் இருக்கின்றன. விரல் ஏரிகள் என்று பெயர். பழைய பனியாறுகள் நிலத்தைக் குடைந்துவிட்டுப் போன பள்ளங்கள் அவை. மற்ற ஏரிகள் ஒரே கோடாகக் கிடக்க, கியூக்கா மட்டும் கவட்டைக் கிளைபோல இரண்டாகப் பிரியும். அதன் தென்கோடியில் ஹாமண்ட்ஸ்போர்ட். அங்கிருந்து மேற்குக் கரையோரமாகக் கிளம்பி வடகிழக்கு முனையிலுள்ள பென் யான் வரை போகிறது 54ஏ சாலை. ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். அங்கே 54-ஆம் எண் சாலையில் சேர்ந்தால் செனெக்கா ஏரிக்கரையிலுள்ள டிரெஸ்டன் வரை போகலாம். அரை நாள் போதும். ஒயின் ருசி பார்ப்பவர்கள் ஒரு நாளாக்கிக்கொள்கிறார்கள்.

இந்த வழி ஒயினுக்குப் பேர்போனது. ஊர் சொல்வதற்கு எதிராகவே நின்றவர்கள் இத்தனை சிறிய வட்டாரத்தில் இத்தனை பேரா என்பதுதான் எனக்கு வியப்பு.

ஹாமண்ட்ஸ்போர்ட்டிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. சதுக்கமும் அதைச் சுற்றிச் சில கடைகளும் உள்ள சிற்றூர். இங்கே 1878-ல் பிறந்த கிளென் கர்ட்டிஸ் சைக்கிள் கடை வைத்திருந்தவர். மோட்டார் சைக்கிள் செய்தார், பிறகு விமானத்துக்குத் தாவினார். 1908 ஜூலை 4 அன்று, முன்கூட்டியே அறிவித்துக் கூட்டத்தைக் கூட்டி, ‘ஜூன் பக்’ என்ற விமானத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறந்து காட்டிப் பரிசு வாங்கினார். ரைட் சகோதரர்களோடு காப்புரிமை வழக்கில் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியவரும் இவரே. அவர் பெயரிலான அருங்காட்சியகம் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. அந்தப் பக்கமே 1860-ல் தொடங்கிய பிளசன்ட் வேலி ஒயின் நிறுவனத்தின் கல் கட்டடங்களும் நிற்கின்றன. 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு இருந்தபோது, தேவாலயங்களின் பூசைக்கு ஒயின் கொடுத்துப் பிழைத்துக்கொண்டது அந்த நிறுவனம். சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது.

ஊரைத் தாண்டியதும் வலப்பக்கம் தண்ணீர், இடப்பக்கம் மேடு. மேடெல்லாம் கம்பிப் பந்தலில் வரிசை பிடித்த திராட்சை. இவ்வளவு குளிர்ந்த நாட்டில் கொடி எப்படிப் பிழைக்கிறது என்றால், காரணம் ஏரியின் மந்தம். ஆழமான தண்ணீர் சீக்கிரம் சூடாகாது, சீக்கிரம் குளிராது. வசந்தம் வந்த பிறகும் ஏரி சில்லென்று இருப்பதால் சரிவின் காற்றும் குளிர்ந்தே இருக்கும். கொடி அவசரப்பட்டுத் துளிர்த்துப் பின்பனியில் கருகுவதில்லை. இலையுதிர் காலத்தில் நேர்மாறு. கோடை வெயிலைத் தேக்கி வைத்த தண்ணீர் அதை மெல்ல விட்டுக்கொடுக்க, முதல் உறைபனி தள்ளிப்போகிறது. காய் பழுக்கச் சில வாரம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதனால்தான் தோட்டங்கள் ஏரியை ஒட்டிய சரிவுகளைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினால் சோளமும் மாடுகளும்தான்.

ஆனாலும் நெடுங்காலம் இங்கே விளைந்தவை அமெரிக்க மண்ணின் திராட்சை வகைகளும் கலப்பினங்களுமே. அவற்றின் மணம் ஜாமுக்கும் சாறுக்கும் பொருந்தும். ஒயினில் பலருக்குப் பிடிக்காது. ரீஸ்லிங், ஷார்டனே போன்ற ஐரோப்பியக் கொடிகள் இந்தக் குளிரில் சாகும் என்பதே அன்று நிபுணர்களின் முடிவு. அதை உடைத்தவரின் தோட்டம், சாலையிலிருந்து மேடேறிப் போனால் வருகிறது.

கான்ஸ்டன்டின் ஃபிராங்க் உக்ரைன்காரர், 1899-ல் பிறந்தவர். குளிர் நாட்டில் திராட்சை வளர்ப்பதில்தான் முனைவர் பட்டம் பெற்றார். போரில் எல்லாம் சிதற, 1951-ல் அமெரிக்கா வந்து இறங்கியபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஆங்கிலம் தெரியாது. நியூயார்க் நகரில் தட்டுக் கழுவினார். பின்னர் ஜெனீவா என்ற ஊரிலிருந்த மாநில வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்தது. ஆனால் கொடுக்கப்பட்டது கூலியாள் வேலை. என் ஊர்க் குளிர் இதைவிடக் கொடியது, அங்கே இந்தக் கொடிகள் வளர்கின்றன என்று அவர் வாதாடியதை யாரும் காதில் வாங்கவில்லை. காது கொடுத்தவர் சார்லஸ் ஃபூர்னியே. ஷாம்பேன் பகுதியிலிருந்து வந்து, இந்த ஏரிக்கரையின் கோல்டு சீல் நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர். இருவரும் பேசிக்கொண்டதும் பிரெஞ்சில்தான்.

பிரச்சினை கொடியில் இல்லை, வேரில் என்பது ஃபிராங்கின் கட்சி. குளிர் தாங்கும், சீக்கிரம் முதிரும் வேர்ச்செடியாகத் தேடினார். கியூபெக்கில் ஒரு கன்னிமடத்துத் தோட்டம் வரை போய்ப் பிடித்துவந்தார். ஆயிரக்கணக்கில் ஒட்டுக் கட்டினார். 1957 பிப்ரவரியில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியசையும் தாண்டி இறங்கியது. உள்ளூர் வகைகளே அடிபட்ட அந்தக் குளிரில் அவர் ஒட்டிய ரீஸ்லிங் தப்பியது. 1962-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். இன்று இந்த வட்டாரத்தின் அடையாளமே ரீஸ்லிங். அன்று முடியாது என்ற நிபுணர்களை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. அது சரியான தண்டனைதான்.

பக்கத்திலேயே புல்லி ஹில். வால்டர் டெய்லர் என்பவர் தன் குடும்பத்தின் பெரிய ஒயின் நிறுவனத்தையே, கலப்படம் செய்கிறது என்று வெளிப்படையாகத் திட்டி, 1970-ல் வேலையிழந்தவர். இங்கே, தாத்தாவின் பழைய தோட்டத்தில், தனிக்கடை போட்டார். 1977-ல் குடும்ப நிறுவனத்தைக் கோகோ கோலா வாங்கியது. புட்டிச் சீட்டில் டெய்லர் என்ற பெயரையே போடக்கூடாது என்று வழக்கு, தீர்ப்பு. மனிதர் புட்டிகளில் தன் பெயரைக் கறுப்பு மையால் அடித்து, அப்படியே விற்றார். அதைவிடச் சிறந்த விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைத்திருக்காது.

வடக்கே போகப்போகக் கோடை வீடுகளும் படகுத்துறைகளும். மேற்குக் கிளை முடியும் பிராஞ்ச்போர்ட்டில் சாலை தண்ணீரை விட்டு மேடேறுகிறது. இந்த நகரியத்தின் பெயர் ஜெருசலேம். வைத்தவர்கள், 1776-ல் காய்ச்சலில் செத்து, ஆணுமில்லாத பெண்ணுமில்லாத ஆவியாக மீண்டு வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஒரு போதகரின் அடியார்கள். பிறந்த பெயர் ஜெமைமா வில்கின்சன். பிறகு அந்தப் பெயரால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தப் பகுதியில் முதலில் குடியேறிய வெள்ளையரில் இவர் கூட்டத்துக்கு முக்கிய இடம் உண்டு. அதற்குச் சற்று முன்புவரை இது செனெக்கா மக்களின் நிலம். 1779-ல் வாஷிங்டன் அனுப்பிய படை அவர்களுடைய ஊர்களையும் பழத்தோட்டங்களையும் கொளுத்திவிட்டது. ஒயின் கடைத் துண்டுப் பிரசுரங்கள் இதைச் சொல்வதில்லை.

பென் யான் கடைத்தெருவில் ஒரு ராட்சதத் தோசைக்கல் சுவரில் மாட்டியிருக்கிறது. 1987-ல் பக்வீட் மாவில் உலகின் மிகப்பெரிய பான்கேக் சுட்ட கல்லாம். ஊர்ப்புறத்தில் மென்னனைட் குடும்பங்களின் குதிரை வண்டிகள் ஓடும். வேகம் குறைத்துப் போக வேண்டும்.

ஏரியின் உபரி நீர் இங்கிருந்து ஓடையாக இறங்கி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் செனெக்காவில் விழுகிறது. 1833-ல் அதை ஒட்டிக் கால்வாய் திறந்தார்கள். பிறகு ரயில் வந்தது. 1972 வெள்ளம் தண்டவாளத்தை அடித்துப்போக, இப்போது நடைபாதை. கால்வாய் திறந்த அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று, ஓடை முடியும் டிரெஸ்டனில், ஒரு போதகரின் வீட்டில் பிறந்தவர் ராபர்ட் இங்கர்சால். ஆம், பெரியாரின் சுயமரியாதை இயக்கம் தமிழில் சிறு நூல்களாக வெளியிட்ட அதே பகுத்தறிவுப் பேச்சாளர். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஊர் மாறிவிட்டது. பிறந்த மரவீடு இப்போது அருங்காட்சியகம். அந்தப் பக்கம் போகும் தமிழர்கள் பெரும்பாலும் ஒயின் கடைகளோடு திரும்பிவிடுகிறார்கள். ருசி பார்க்காத ஒருவரை வண்டி ஓட்டச் சொல்லிவிட்டு, இந்த வீட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஆண்டு முழுக்கத் திறந்திருக்காது, விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.