எழுவான்கரையும் படுவான்கரையும்: ஒரு சூறாவளியின் தடத்தில்

கொழும்புக் கோட்டையிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்படும் உதயதேவி புகையிரதம், பொலன்னறுவையைக் கடந்து, வெலிக்கந்தை, புனானைக் காடுகளின் ஊடாக இறங்கி, வாழைச்சேனையையும் ஏறாவூரையும் தொட்டு மட்டக்களப்பை அடைகிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு கிழக்குக் கரையில் ஏறிய சூறாவளி மட்டக்களப்பையும் அம்பாறையையும் சிதைத்துவிட்டுப் பொலன்னறுவைப் பக்கமாகத் தீவைக் குறுக்கே கடந்து சென்றது என்பதால், இந்த இருப்புப்பாதையில் வரும் பயணி அக்காற்றின் வழியில், ஏறத்தாழ அதற்கு எதிர்த்திசையில் வருகிறார் எனலாம். ஏறாவூருக்குப் பிறகு யன்னலுக்கு வெளியே தொடங்கும் தென்னந்தோப்புகளை ஒருமுறை கவனித்துப் பார்ப்பது நல்லது. மிக முதிர்ந்து நெடிதுயர்ந்த மரங்கள் அரிதாகவும், ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை போல ஒரே உயரத்தில் நிற்பவை மிகுதியாகவும் இருக்கும் தோப்புகள் இடையிடையே தென்படுகின்றன. ஊர் மக்கள் வயதையும் திருமணத்தையும் காணி வாங்கிய ஆண்டையும் ‘சூறாவளிக்கு முன்’, ‘சூறாவளிக்குப் பின்’ என்று கணக்கிட்டுச் சொல்வதைக் கேட்ட பிறகு, அத்தோப்புகளின் வயதும் அதே கணக்கில்தான் அடங்குகிறது என்பது விளங்கும்.

களப்பு என்பது, மணல்திட்டினால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, ஓரிரு வாய்களின் வழியே மட்டும் கடலோடு கலக்கும் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பைக் குறிக்கும். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பாங்கான நிலம், கதிரவன் எழும் திசையில் இருப்பதால் எழுவான்கரை என்றும், மேற்கே வயல்களும் குளங்களும் காடுகளுமாக விரியும் நிலம், கதிரவன் படும் திசையில் இருப்பதால் படுவான்கரை என்றும் வழங்கப்படுகின்றன. மக்கள் நெருக்கமாக வாழ்வதும், சந்தையும் வைத்தியசாலையும் பெரிய பாடசாலைகளும் அமைந்திருப்பதும் எழுவான்கரையில். நெல் விளைவது படுவான்கரையில். ஒரு கரையில் வீடும் மறுகரையில் வயலுமாக வாழும் குடும்பங்கள் இன்றும் பல உள்ளன. இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் 1978இன் அழிவையும் அதற்குப் பிந்திய நிவாரணத்தையும் விளங்கிக்கொள்ள இயலாது.

நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் சூறாவளிகள் உருவாவதில்லை. சுழற்காற்றைச் சுழலச் செய்வது புவியின் சுழற்சியால் எழும் விசை. அவ்விசை நடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குன்றி, ஏறத்தாழ 5 பாகைக்குள் இல்லையென்றே சொல்லத்தக்க அளவுக்குத் தேய்ந்துவிடுகிறது. மட்டக்களப்பு 8 பாகைக்குச் சற்றுக் குறைவான அகலக்கோட்டில் இருப்பதால், வங்காள விரிகுடாவில் தோன்றும் புயல்களில் பெரும்பாலானவை வடக்கே ஆந்திரா, ஒடிசா, வங்காளம் நோக்கித் திரும்பிவிட, எப்போதோ ஒன்று மட்டும் இங்கே வந்து சேர்கிறது. 1907இல் ஒன்று வந்தது. அதை நினைவில் வைத்திருந்தவர்கள் 1978இல் மிகச் சிலரே இருந்திருக்க முடியும். அரிதாக வரும் பேரிடர்தான் கொடிது என்பது இக்கட்டுரையின் கருத்து. அடிக்கடி காற்றைக் காணும் ஊர் தன் கூரையையும் மரத்தையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்கிறது. மூன்று தலைமுறைக்கு ஒருமுறை காணும் ஊருக்கு அந்தப் பயிற்சி வாய்ப்பதில்லை.

கிழக்குக் கரையின் மீனவர் காற்றுகளைத் திசையால் பெயரிட்டு அழைப்பர்: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது சோழகம், மேற்கிலிருந்து வருவது கச்சான், கிழக்கிலிருந்து வருவது கொண்டல். பருவத்துக்கு ஒரு காற்று என்பது அவர்கள் தொழிலின் அடிப்படைக் கணக்கு. சூறாவளி அக்கணக்கை ஓர் இரவுக்குள் கலைத்துவிடுகிறது. நடுக்கோட்டுக்கு வடக்கே சூறாவளிக் காற்று இடஞ்சுழியாகச் சுற்றுவதால், கிழக்கிலிருந்து நகர்ந்து வரும் புயலின் மையம் கடக்கும் ஊரில் முதலில் வாடைத் திசைக் காற்று அடித்து, மையத்தின் அமைதியான பகுதியாகிய ‘கண்’ கடக்கும்போது சிறிது நேரம் ஓய்ந்து, பின்னர் சோழகத் திசையிலிருந்து அதே வேகத்தில் திரும்பவும் அடிக்கும். முதற்காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து வேர் தளர்ந்த மரத்தை இரண்டாம் காற்று மறுபக்கம் தள்ளிப் பிடுங்கிவிடுகிறது. காற்று ஓய்ந்ததென்று எண்ணி வெளியே வருபவர்களே இரண்டாம் காற்றில் பெரிதும் அகப்படுகிறார்கள்.

இலங்கையில் 915 பேர் உயிரிழந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ 2,50,000 வீடுகள் சேதமடைந்தன. மட்டக்களப்பின் மீன்பிடிக் கலங்களில் ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது. 240 பாடசாலைக் கட்டடங்கள் சேதமுற்றன. 11 நெற்களஞ்சியங்களில் 9 அழிந்தன. மாவட்டத்தில் இருந்த 28,000 ஏக்கர் தென்னையில் 90 சதவீதம் வீழ்ந்தது. மறுநாள் மாலை அதே சூறாவளி இராமநாதபுரம் கரையையும் தாக்கியது. இவ்வெண்களை வரிசையாகப் படித்துச் செல்வது எளிது. ஒன்றோடொன்று சேர்த்துப் படிக்கும்போதுதான் அவற்றின் பொருள் புலப்படுகிறது. பாடசாலையே இக்கரையில் வழமையான புகலிடம். ஆகவே 240 கட்டடங்கள் சேதமுற்றன என்றால், வீடிழந்தவர்கள் போய்த் தங்கவேண்டிய கூரையும் போயிற்று என்பதே பொருள். நவம்பர் மாதம் மாரிப் பயிராகிய பெரும்போகத்தின் விதைப்புக் காலம். வயலில் இளம்பயிர் நீரில் மூழ்க, முந்திய போகத்தின் நெல் இருந்த களஞ்சியமும் திறந்துகொண்டால், அடுத்த அறுவடைவரை உண்பதற்கும் மீண்டும் விதைப்பதற்கும் நெல்லுக்கு வெளியூரையே எதிர்பார்க்க நேரும்.

தென்னையைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டியுள்ளது. கொக்கட்டிச்சோலையை அடுத்த ஒரு வளவில் கிடுகு பின்னுவதை இப்பயணத்தில் அருகிலிருந்து காண முடிந்தது. கிடுகு என்பது கூரை வேயவும் வேலி அடைக்கவும் பயன்படும் பின்னிய தென்னோலை. விழுந்த ஓலையின் நடுமட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, சில நாட்கள் நீரில் ஊறப்போட்டு, பதமானபின் நிலத்தில் கிடத்தி, ஓரோலை மேலும் ஓரோலை கீழுமாக மாற்றி மாற்றிப் பின்னி வருகிறார்கள். அங்கே பின்னிக்கொண்டிருந்த, எழுபதைக் கடந்த ஓர் அம்மாவின் விரல்கள் அரைமட்டை ஓலையை முடிக்க எடுத்துக்கொண்ட நேரம், அடுப்பில் வைத்த தேநீர் கொதிக்கும் நேரத்துக்கும் குறைவு. கிடுகுக் கூரை ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மாரிக்கு முன் மாற்றப்படவேண்டும். ஒரு தென்னை மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் ஓலை வீதம் ஆண்டுக்குப் பன்னிரண்டு ஓலை தரும்; ஆகவே வளவில் நிற்கும் சில மரங்கள் ஒரு வீட்டின் கூரையைக் காசில்லாமல் காலமெல்லாம் புதுப்பித்துவிடும்.

சூறாவளி முடிந்த காலையில் ஓலைக்குப் பஞ்சம் இருந்திருக்க முடியாது. ஊரே ஓலையால் மூடிக் கிடந்திருக்கும். வீழ்ந்த மரங்களின் ஓலை அந்த மாரிக்குப் போதும், சிக்கனமாக இருந்தால் அடுத்த மாரிக்கும் கொஞ்சம் மிஞ்சும். அதன்பின் ஓலை ஏது? நெட்டைத் தென்னங்கன்று காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும், நிறைவான விளைச்சல் தர அதற்கு இருமடங்கு காலம் செல்லும். தேங்காயும் எண்ணெயும் கயிறும் விறகும் கூரையும் ஒருசேரத் தந்த மரம் போனபோது, நிவாரணப் பட்டியலில் ‘வீடு’ என்ற ஒரே சொல்லில் அடங்கிய இழப்பு, ஐந்தாறு தனித்தனிச் செலவுகளாக அக்குடும்பத்தின்மேல் விழுந்தது. தகரம் வந்தது, தகரம் வெயிலில் சுட்டது, காசு கேட்டது, மழை இரவில் பேச்சை மறைத்தது. ஆனாலும் தகரத்தைக் குறைகூறுவது முறையன்று. அன்றைய மழையில் பிள்ளைகளை நனையாமல் காத்தது அதுவே.

மீட்சிக்கு வேறொரு தடையும் உண்டு. அழுகும் தென்னங்குற்றிகளில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பெருகிய வண்டு புதிதாக நட்ட கன்றின் குருத்தைத் துளைத்துத் தின்னும். வீழ்ந்த மரங்களை அகற்றாமல் கன்றுகளை மட்டும் வழங்கினால், அக்கன்றுகள் வண்டுக்கு இரையாகிவிடும். ஆயிரக்கணக்கான ஏக்கரில் கிடக்கும் குற்றிகளை வெட்டி, எரித்து, புதைக்க எத்தனை கைகள் வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், நடுகைக்கு முந்திய இந்த உழைப்புக்கு நிவாரணக் கணக்குகளில் உரிய இடம் கிடைப்பதில்லை என்பது வருத்தத்தோடு சொல்லவேண்டிய உண்மை.

நிவாரணம் என்ற சொல் உயிர் காக்கும் உடனடி உதவியைக் குறிக்கும்: சமைத்த உணவு, மருந்து, துணி, கூரைத்தகடு. மீட்சி என்பது பாதிக்கப்பட்டவர் பிறர் கையை எதிர்பாராமல் தம் தொழிலில் மீண்டும் நிற்பதைக் குறிக்கும். முன்னதை நாட்களால் அளக்கலாம். பின்னதைத் தென்னையின் ஆண்டுகளால்தான் அளக்க முடியும். அரசாங்கம் 60 கோடி ரூபாவுக்கும் மேல் செலவிட்டது. அக்காலத்தில் அது பெருந்தொகை. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பொருள்கள் வந்தன. வந்த பொருள் எந்த வழியாக எந்தக் கரையை அடைகிறது என்பதே அடுத்த கேள்வி. நகரின் மையமாகிய புளியந்தீவில், 1628இல் போர்த்துக்கீசர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டைக்குள்தான் பல்லாண்டுகள் கச்சேரி, அதாவது மாவட்ட நிர்வாக அலுவலகம், இயங்கிவந்தது. அங்கிருந்து எழுவான்கரையின் தென்பகுதிக்குச் செல்ல, ஆளுநர் வில்லியம் மானிங்கின் துணைவியார் பெயரால் அமைந்த கல்லடிப் பாலம் ஒன்றே அன்று வழியாக இருந்தது. இரும்பாலான அந்த ஒடுங்கிய பாலத்தில் எதிரெதிரே இரு வாகனங்கள் செல்ல முடியாதிருந்தது. புதிய பாலம் யப்பானின் உதவியுடன் 2013இல்தான் திறக்கப்பட்டது.

படுவான்கரைக்கு அந்த வசதியும் இருக்கவில்லை. அங்கே பல துறைகளில் ‘பாதை’யே வழியாக இருந்தது. மட்டக்களப்பில் பாதை என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு: ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைத் தெப்பத்தை இவ்வூரார் பாதை என்பர். மண்முனைத் துறையில் பாலம் வந்தது 2014இல். வாவி பெருகிக் காற்றும் ஓயாத நாட்களில் பாதை ஓடாது. பாதை ஓடாவிட்டால் அரிசி மூட்டை இக்கரையிலேயே கிடக்கும். வயலும் நெல்லும் இருந்த கரைக்கே உணவு கடைசியாகப் போய்ச்சேரும் இந்த முரண்பாடு, அதன்பின் வந்த ஒவ்வோர் அனர்த்தத்திலும் திரும்பத் திரும்பத் தோன்றியுள்ளது.

சூறாவளிக்குப் பின் நட்ட கன்றுகள் காய்க்கத் தொடங்கிய ஆண்டுகளில் போர் வந்துவிட்டது. 1987இலும் 1991இலும் கொக்கட்டிச்சோலைப் பகுதி கண்ட படுகொலைகளையும், 2007இல் படுவான்கரை மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்ததையும் அறிந்தவர்களுக்கு, ஒரு தோப்பைப் பராமரிக்க மண்ணும் மழையும் மட்டும் போதாது என்பதை விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நாவலடியைத் துடைத்தெடுத்தது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் அன்று சாய்ந்த நிலையிலேயே நெடுங்காலம் நின்று அலையின் வலிமையைக் காட்டிவந்தது. 2011 சனவரியில் பெருவெள்ளம். ஒன்றிலிருந்து மீள்வதற்குள் மற்றொன்று என்பதே இக்கரையின் அண்மைக்கால வரலாறு.

1977 நவம்பரில், அதாவது 1978 சூறாவளிக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னர், ஆந்திரத்தின் திவி சீமையில் புயல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. 1970இன் புயல் பேரழிவுக்குப் பின் வங்கதேசம் ஊர்தோறும் தொண்டர்களைப் பயிற்றி எச்சரிக்கை அமைப்பொன்றை உருவாக்கிக்கொண்டது. இலங்கையில் அனர்த்த முகாமைத்துவத்துக்கென ஒரு சட்டம் 2005இல், ஆழிப்பேரலைக்குப் பின்னரே வந்தது. 1978இன் இழப்பே அதற்குப் போதிய காரணமாக இருந்திருக்க வேண்டும்.

குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குச் செல்ல இப்பயணத்திலும் பாதையே வழியாக இருந்தது. மோட்டார் சைக்கிள்கள், பாடசாலைப் பிள்ளைகள், மாட்டுக்கொட்டிலுக்கென்று கயிற்றால் கட்டிய ஒரு கட்டுக் கிடுகு, அதனருகே நான்கு புதிய தகரம். அக்கரையில், துறையிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு தென்னை நிலத்தோடு சாய்ந்து ஓராள் நீளம் ஓடிப் பின் மேல்நோக்கி வளைந்து நிற்கிறது. சூறாவளியில் சாய்ந்த இளமரம் என்று அங்குள்ளோர் சொல்கின்றனர். உதிர்ந்த ஒவ்வோர் ஓலையும் மரத்தில் ஒரு வளையத் தழும்பை விட்டுச்செல்வதால், வளைவிலிருந்து மேலே பன்னிரண்டு தழும்பை ஓராண்டாகக் கொண்டு எண்ணிச் செல்லலாம். நூறாவது தழும்பு ஏறத்தாழ 1987இன் தொடக்கத்தைக் குறிக்கிறது. அதுவரை விரலால் தொட்டும், பின் அண்ணாந்து பார்த்தும் எண்ண முடிகிறது; அதற்கு மேல் தழும்புகள் நெருங்கி, ஒன்றையொன்று பிரித்தறிய முடியாமல் உயர்ந்துபோகின்றன.