பெட்டியோடு வந்த படங்கள்

மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டை ஃபிளாட் கட்ட இடிக்கிறார்கள் என்றால் முதலில் வந்து நிற்பவர் தேக்கு வியாபாரி. கதவு, நிலை, தூண், ஊஞ்சல் பலகை எல்லாம் அவருக்கு. பித்தளைச் சாமான் அடுத்தவருக்கு. கடைசியாக வரும் காயலான் கடைக்காரருக்குப் பரண். ஸ்லைடு பெட்டிகள் அங்கேதான் கிடக்கும். பேப்பர் எடையிலும் சேராது, பிளாஸ்டிக் எடையிலும் சேராது என்பதால் அவருக்கு அவை தொல்லை. சேகரிப்பவர்களுக்குச் சல்லிசாகக் கிடைப்பதும் அதனால்தான்.

நான் போனது கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் பழைய நெகட்டிவ்களையும் ஸ்லைடுகளையும் ஸ்கேன் செய்யும் ஒரு மாடியறைக்கு. நடத்துபவர் முன்பு ஸ்டூடியோ இருட்டறையில் வேலை பார்த்த பெரியவர். கூட ஒரு இளம்பெண் தொழில் கற்றுக்கொள்கிறார். வாடகையைக் கட்டுவது குடும்பங்கள் கொண்டுவரும் கல்யாண நெகட்டிவ்கள். ஊர் பேர் தெரியாதவர்களின் ஸ்லைடுகளை ஸ்கேன் செய்வது பெரியவரின் சொந்த ஆசை. அதற்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம்.

மெட்ராஸில் கலர் ஸ்லைடு எடுத்தவர்கள் ஒரு சின்னக் கூட்டம். மேல்படிப்புக்கு அமெரிக்கா போனவர்கள், மாநாட்டில் பேசும் டாக்டர்கள், கம்பெனி அதிகாரிகள், பேராசிரியர்கள். சுவரில் விழவைத்துப் பார்க்கப் புரொஜெக்டர் வேண்டுமே! மற்றவர்களுக்கு ஸ்லைடு என்றால் சினிமா தியேட்டரில் படம் தொடங்குமுன் வரும் ஜவுளிக்கடை விளம்பரமும் ‘புகை பிடிக்காதீர்கள்’ அறிவிப்பும்தான். ஆகவே இந்தப் பெட்டிகளில் இருப்பது ஊர் முழுவதும் அல்ல, அடையாறு, தி.நகர், மயிலாப்பூரின் ஒரு பகுதி மட்டும். பழைய மெட்ராஸ் என்று இவற்றைக் கொண்டாடுகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

“ஊதாம துடைச்சீங்கன்னா கோடு விழுந்துடும் சார்” என்று அந்தப் பெண் ரப்பர் ப்ளோயரை எடுத்தார். ஊதியபின் மென்மயிர்ப் பிரஷ். பிறகு விளக்குப் பலகைமேல் வைத்து லென்ஸில் பார்க்கிறார். படம் 36க்கு 24 மில்லிமீட்டர்தான். அங்குலத்துக்கு 4,000 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் சுமார் 2 கோடிப் பிக்சல் வரும். தூசியும் அதே அளவுக்குப் பெரிதாகும். தூசியை அகச்சிவப்புக் கதிரால் கண்டுபிடித்துத் தானே அழிக்கும் வசதி சில ஸ்கேனர்களில் உண்டு. கோடாக்ரோம் வகை ஸ்லைடு ஃபிலிமில் அது சரிவராது. அந்த ஃபிலிமே அகச்சிவப்பை ஓரளவு மறிப்பதால் படத்தின் கறுப்புப் பகுதிகளையும் தூசி என்று எடுத்துக்கொள்ளும். பிறகென்ன, கையால் ஒவ்வொரு புள்ளியாக எடுக்க வேண்டியதுதான். ஸ்லைடைப் பிடித்திருக்கும் சட்டமான மவுண்ட் கண்ணாடியாக இருந்தால் இன்னும் மோசம். பத்திரமாக இருக்கட்டும் என்று யாரோ போட்ட இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே கடற்கரை ஊரின் ஈரம் சிக்கி, ஃபங்கஸ் கொடிகொடியாய்ப் படர்ந்திருக்கிறது.

இடவலம் மாறாமல் வைப்பது அடுத்த சோதனை. பளபளப்பான பக்கம் ஃபிலிமின் முதுகு, மங்கலான பக்கம் மருந்து. பழகிய கண்ணுக்குப் போதும். சந்தேகம் வந்தால் புடவையின் தலைப்பைப் பார்ப்பாராம். இடத்தோளில் இருந்தால் சரி. மயிலாப்பூரில் இந்த விதி கவிழும். ஐயராத்து மடிசாரில் தலைப்பு வலத்தோளில், ஐயங்காராத்தில் இடத்தோளில். “அதனால இங்க மாமிய நம்பக்கூடாது, கடை போர்டைத்தான் நம்பணும்” என்றார் பெரியவர்.

ஆண்டைக் கணிப்பதும் பின்னணியை வைத்துத்தான். ஜெமினி மேம்பாலம் தெரிந்தால் 1973க்குப் பிறகு. அடையாறு முகத்துவாரப் பாலம் உடையாமல் நின்றால் 1977க்கு முன். தியசாபிகல் சொசைட்டி ஆலமரம் தாய்த்தண்டோடு நின்றால் 1989க்கு முன். முகத்தைவிட முதுகுப்புறம் அதிகம் பேசும் வேலை இது.

ஆனால் பெரியவர் முதலில் கேட்பது வேறு: “மவுண்டுல என்ன இருக்கு, மொதல்ல அதைப் படிம்மா.” அட்டை மவுண்டில் லேபில் கழுவிய மாதமும் வருஷமும் அச்சாகியிருக்கும் (எடுத்த மாதம் அல்ல, சிலர் ரோலை முடிக்கவே அடுத்த கொலு வரை இழுப்பார்கள்). பென்சிலில் ‘அம்மா, பனகல் பார்க்’ என்று இருக்கும். ஃபிலிமை மட்டும் உருவி ஸ்கேன் செய்துவிட்டு மவுண்டைக் குப்பையில் போடும் கடைகள் உண்டு. பாதி ஆவணத்தை எரிக்கிற காரியம் அது. பெட்டிக்குள் இருந்த வரிசையும் அப்படியே. கலைத்துவிட்டால் ஒரு பயணம் சிதறிய ஸ்டேஷன்களாகிவிடும். இந்தப் பெண் ஒவ்வொரு ஃபைலுக்கும் பெட்டி எண், வரிசை எண், மவுண்டில் இருந்த எழுத்து மூன்றையும் சேர்த்தே பெயர் வைக்கிறார், எழுத்துப்பிழையோடு.

பாரிஸில் லீ ஷுல்மன் 2017இல் ஒரு பெட்டி ஸ்லைடு வாங்கப்போய், அது ‘தி அனானிமஸ் புராஜெக்ட்’ என்ற பெரிய சேகரிப்பாக வளர்ந்தது. பெயரில்லாமல் இருப்பதே அதன் கவர்ச்சி. எனக்கு அதில் பாதி மனம்தான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலிருந்து சோயி ஹெட்லி குழுவினர், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடித்தேடி டிஜிட்டல் ஆக்கிய முறை எனக்கு நெருக்கம். எந்த ஊர், எந்த ஸ்டூடியோ என்ற கேள்வியை அவர்கள் விடவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் பெரியவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒத்துப்போகவில்லை. இருட்டில் வைத்தால் கோடாக்ரோம் நிறம் எளிதில் மாறாது. பழைய எக்டாக்ரோம் ஃபிலிம்கள் பல சிவந்துவிடும். ஒரு பெட்டி முழுக்க மெரினாவே குங்குமம் கரைத்ததுபோல் இருந்தது. பெண் நீலத்தைக் கொண்டுவந்தார். “வானம் அன்னைக்கு நீலமாத்தான் இருந்துச்சுன்னு உனக்கு யார் சொன்னா?” என்றார் அவர். இப்போது சிவந்தது ஒரு பிரதி, திருத்தியது ஒரு பிரதி என்று இரண்டும் வைக்கிறார்கள்; ஹார்ட் டிஸ்க் செலவு இரட்டிப்பு.

வெளியே காட்டுவதில் இருவருக்கும் ஒரே கணக்கு. தெரு, கோயில், கடை போகலாம். குளிக்கும் குழந்தை, ஆஸ்பத்திரிக் கட்டில் போகக்கூடாது. காயலான் கடையில் வாங்கியது பெட்டியைத்தான், படத்தின் உரிமையை அல்ல.

“அந்த வீட்டுக்காரங்களே தேடிட்டு வந்தா?” என்று கேட்டேன்.

“பெட்டியோட குடுத்துடுவேன். ஸ்கேன் கூலி மட்டும் வாங்கிப்பேன்” என்றார்.