சுழி யார் செய்த பாவம்?

பந்தல்குடிப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு மாலைப் பொழுது. அருகில் அமர்ந்திருந்த தாய் ஒருத்தி தன் மகனின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். எண்ணெய் தடவியும் உச்சி முடி படியவில்லை. அங்கே இரண்டு சுழிகள். “எந்த நேரத்துல பெத்தேனோ ஐயா, ரெட்டைச் சுழி. குடும்பத்துக்கு ஆகாதுன்னு மாமியார் தெனமும் சொல்றாக” என்றாள். சிறுவன் தலையைக் குனிந்துகொண்டான். நாம் ஒன்றும் சொல்லாமல் பேருந்தில் ஏறிவிட்டோம். அந்த மௌனம் நம்மை இன்றும் உறுத்துகிறது.

பின்னர்த் திரவப் படிகங்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. 1888-இல் ஆஸ்திரியத் தாவரவியலார் ரைனிட்சர் முதலில் கண்ட விந்தைப் பொருள் இது. பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகரும் உடன் உழைத்தோரும், வட்டு வடிவ மூலக்கூறுகளுக்கும் இந்நிலை உண்டென்று 1977-இல் காட்டினர். திரவம்போல் ஓடும், ஆயினும் அதன் மூலக்கூறுகள் வாரிய முடிபோல ஒரே திசை நோக்கி நிற்கும்.

கோல் வடிவ மூலக்கூறுகளைச் சமதளத்தில் பரப்பினால் அவ்வொழுங்கு குலையாதிருக்கலாம். உருண்டையின் மேல் மெல்லிய படலமாகப் பூசினாலோ எங்கேனும் திசை தடுமாறியே தீரும். அத்தடுமாற்றமே சுழி. உருண்டையின் மேல் சுழிகளின் கூட்டுத்தொகை எப்போதும் 2. இக்கோல்களுக்குத் தலை, வால் என்ற வேறுபாடு இல்லாமையால் அரைச் சுழிகளும் தோன்றும்; மிக மெல்லிய படலத்தில் நான்கு அரைச் சுழிகள் ஒன்றைவிட்டொன்று இயன்ற அளவு விலகி நின்று அச்சுமையைப் பகிர்ந்துகொள்ளும். நடுவே துளையுள்ள உளுந்து வடையின் வடிவிலோ கூட்டுத்தொகை பூச்சியம். அங்கே சுழியே வேண்டியதில்லை. ஆக, சுழி மூலக்கூறின் பிழையன்று. அதைத் தாங்கும் பரப்பின் வடிவம் கேட்கும் கணக்கு.

மனிதத் தலை முழு உருண்டையன்று. இக்கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் நாம் கற்ற பாடம் ஒன்றுண்டு: ஒழுங்கு கலைந்த இடத்தைக் கண்டதும் குற்றவாளியைத் தேடுவது அறிவன்று. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்களும் யார் செய்த பாவம் என்றே கேட்டனர். அவரும் செய்யவில்லை, அவர் பெற்றோரும் செய்யவில்லை என்று ஆண்டவர் மறுத்ததை யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்டும் அன்று வாய் திறக்கவில்லையே!

சுழிக்கே ‘திரு’ என்னும் அடைமொழி சூட்டித் திருச்சுழி என்று ஊருக்குப் பெயரிட்ட மண் இது. இங்கே ஒரு சிறுவனின் சுழி எவ்வாறு சாபமாகும்? அந்தத் தாயை மீண்டும் காண நேர்ந்தால் இதைத்தான் சொல்வோம். அவள் காதில் மட்டுமன்று. குனிந்த அந்தத் தலை நிமிர்ந்து கேட்கும்படியாக.