வாடகை வீட்டில் ஓர் ஆறு

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் ஹாலில் இருக்கும் கண்ணாடித் தொட்டியை மூன்று நிமிஷம் உற்றுப் பார்ப்பார்கள். அப்புறம் தவறாமல் அதே கேள்வி:

"தொட்டி ஜோரா இருக்கு சார். மீன் எப்ப விடப் போறீங்க?"

மீன் இருக்கிறது ஐயா! எட்டு இருக்கிறது. கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டிருப்பதால் சட்டென்று தெரியாது. அதிகபட்சம் இரண்டரை அங்குலம். தோசைக்கல்லில் தட்டி எடுத்த மாதிரி தட்டை உடம்பு. கறுப்பில் மஞ்சள் வலை போட்ட டிசைன். கடல் திருக்கையைக் குட்டியாக ஜெராக்ஸ் எடுத்தது போல இருக்கும். பெயர் ஹில்ஸ்ட்ரீம் லோச். மீன் கடைகளில் சிலர் 'போர்னியோ சக்கர்' என்பார்கள். என்னுடையதற்கும் போர்னியோவுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. சொந்த ஊர் வியட்நாம். செவெல்லியா லீனியோலாட்டா என்பது ரேஷன் கார்டுப் பெயர்.

அடியேன் பி.காம். பத்தாம் வகுப்போடு விஞ்ஞானத்துக்கும் எனக்கும் சுமுகமாக விவாகரத்து ஆகிவிட்டது. இந்த மீன்தான் மறுபடி சேர்த்து வைத்தது.

இது வாழ்வது மலை ஓடையில், பாறையில் மோதித் தண்ணீர் நுரை தள்ளும் இடத்தில். மார்புத் துடுப்பையும் வயிற்றுத் துடுப்பையும் விசிறி போல விரித்துப் பாறையோடு அமுக்கிக்கொள்ளும். மேலே வெள்ளம் போனாலும், பீக் அவர் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்தவன் மாதிரி ஆடாது அசையாது. பாறை மேல் படிந்த பாசியும் அதில் ஊறும் நுண்ணுயிர்களும்தான் சாப்பாடு.

இதைக் கொண்டுவந்து சென்னையில், பெரம்பூரில், இரண்டாவது மாடி வாடகை போர்ஷனில் வைத்தால்?

பிரச்னை ஆக்ஸிஜன். இருபது டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முப்பது டிகிரி ஆனால் ஏழரைதான். ஏழரை என்றாலே நமக்கு ஆகாது, மலை மீனுக்குக் கேட்கவே வேண்டாம். ஆகவே தண்ணீர் ஓட வேண்டும், புரள வேண்டும், முடிந்தவரை குளிர்ந்தும் இருக்க வேண்டும்.

ஓட வைப்பதற்கு ஒரு எளிய ஏற்பாடு உண்டு. மூன்றடித் தொட்டி, சுமார் 130 லிட்டர். இடது கோடியில் இரண்டு பவர் ஹெட் மோட்டார். வலது கோடியில் இரண்டு ஸ்பான்ஜ். இரண்டு பக்கத்தையும் மணலுக்கு அடியில் பி.வி.சி. பைப் இணைக்கிறது. மோட்டார் வலப்பக்கத் தண்ணீரை ஸ்பான்ஜ் வழியாக உறிஞ்சி, அடிப் பைப்பில் கொண்டுவந்து, இடப்பக்கம் பீய்ச்சும். மேலே பார்த்தால் ஒரே திசையில் ஓடும் ஆறு.

எல்போவும் டீயும் வாங்கப் போன ஹார்டுவேர் கடையில், "லைன் எத்தனாவது மாடி வரைக்கும் சார்?" என்றார்கள்.

"மூணு அடி வரைக்கும்" என்றேன். அப்புறம் அவர் பேசவில்லை.

இரண்டு மோட்டாரும் சேர்ந்து நாற்பது வாட். இரவு பகல் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஐம்பத்தேழு யூனிட் சொச்சம். அரசாங்கம் தரும் நூறு யூனிட் இலவச மின்சாரத்தில் பாதிக்கு மேல் வியட்நாம்காரர்களுக்குப் போகிறது. மனைவி இதை ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

சித்திரை, வைகாசியில் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு சின்ன ஃபேன். ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி இறங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. குறைகிற தண்ணீரை போர் தண்ணீரால் நிரப்பினால் கதை கந்தல். ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே, உப்புக் கணக்கு கேரி ஃபார்வேர்டு ஆகிக்கொண்டே போகும். அதனால் குடிக்க வாங்கும் கேனிலிருந்து மீனுக்கும் ஒரு பங்கு.

சாப்பாட்டுக்கு மொட்டை மாடி வெயிலில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் கூழாங்கற்களை ஊறப் போட்டிருப்பேன். பச்சையானதும் கீழே, வெறும் கல் மேலே. ஒரு நாள் மாநகராட்சிக் கொசு ஒழிப்பு ஊழியர் டப்பைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். "கப்பி மீன் விட்டிருக்கேன், புழு வெச்சா தின்னுடும்" என்று காட்டினேன். டார்ச் அடித்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் செய்தது நியாயம்.

ஆண்கள் சண்டை போடுவதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் படுத்து, கீழே இருப்பது மேலே வர, மேலே இருப்பது மறுபடி அமுக்க, இரண்டும் சுழன்று சுழன்று... இரண்டு ஊத்தப்பம் மல்யுத்தம் செய்கிற மாதிரி இருக்கும். கடியில்லை, காயமில்லை. எது மேலே படுத்ததோ அது ஜெயித்தது. ஆணுக்குத் தலையும் துடுப்பும் சேரும் இடம் தோள்பட்டை போலக் கோணலாக எடுத்திருக்கும், பெண்ணுக்கு வழுவழுவென்று வளைந்து போகும். மேலிருந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது.

நான்காம் தேதி விடியும்போது கரன்ட் இல்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர் வேகமாக ஓடுகிறது. வீட்டுக்குள் என் ஆறு நின்றுவிட்டது. கீழ் போர்ஷனுக்குள் தண்ணீர் புகுந்து, அங்கிருந்த பெரியவரும் அவர் சம்சாரமும் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்திருந்தார்கள். ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். ஃப்ரிட்ஜ், கட்டில், பேரனின் ஸ்கூல் புத்தகம் எல்லாம் கீழே மிதந்துகொண்டிருந்தன. அந்த அம்மா ஈரப் புடவையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டரி ஏர் பம்ப் சாயங்காலம் வரை முனகிவிட்டு அடங்கியது. கடை ஏது, பாட்டரி ஏது! மீன்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் ஏறித் தண்ணீர் விளிம்புக்கு வந்து ஒட்டின. அடியில் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். நானும் மனைவியும் பெண்ணும் முறை வைத்து மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். வீட்டை இழந்துவிட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது மீனுக்குத் தண்ணீர் ஊற்றுவது எனக்கே கூச்சமாக இருந்தது.

பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்ன தம்பி, காத்து பத்தலையா?" என்றார்.

"ஆமா அங்கிள். விடுங்க, நீங்க படுங்க."

"படுத்தா தூக்கம் வருமா?" என்று எழுந்தார். பீரோ மேல் ஒரு பக்கெட்டை ஏற்றினார். ஏர் டியூபைப் போட்டு உறிஞ்சி விட்டார். தண்ணீர் மெல்லிசாக ஒரே தாரையாகத் தொட்டியில் விழுந்து நுரைத்தது. டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு வேகத்தைக் குறைத்தார். "இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் பக்கெட்டை நிரப்பினா போதும்." டார்ச் வெளிச்சத்தில் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு ராத்திரி முழுக்க அவரே நிரப்பினார். நான் இரண்டு தடவை போய்க் கேட்டேன். "கீழ போனது போச்சு. எனக்கு இது ஒரு வேலை, விடு" என்றார்.

நாற்பது மணி நேரம் கழித்து கரன்ட் வந்தது. உடனே மோட்டாரைப் போடவில்லை. தேங்கிக் கிடந்த ஸ்பான்ஜில் ஆக்ஸிஜன் இல்லாமல் எல்லாம் அழுகியிருக்கும், அப்படியே போட்டால் அத்தனையும் தொட்டிக்குள் பாயும். கழற்றி அலசி, கால் பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு அப்புறம்தான் சுவிட்ச். எட்டும் பிழைத்தது.

ஜனவரி கடைசியில் என் பெண் கத்தினாள்: "அப்பா, கல்லு நடக்குது!"

கல் இல்லை, குஞ்சு. கூழாங்கல் இடுக்கில் மிளகு சைஸில் ஒன்று. பூதக் கண்ணாடி வைத்துத் தேடியதில் பதினொன்று. இவை சரளைக்குள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சுகள் இடுக்கிலேயே ஒளிந்து, பாசி மேய்ந்து, பார்க்கும் அளவு வளர்ந்த பிறகுதான் வெளியே தலைகாட்டும். குளிர்ந்த புதுத் தண்ணீர் பாய்ந்தால் முட்டையிடும் ஆசை வரும் என்பது வளர்ப்பவர்கள் அனுபவம். புயல் தண்ணீர் காரணமா என்றால் சத்தியம் செய்ய மாட்டேன்.

பதினோரு குஞ்சுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்கிறீர்களா? கடைக்கு வரும் இந்த மீன் பெரும்பாலும் ஆற்றில் பிடித்தது. பட்டினியோடு நாடு தாண்டி வரும். வாங்குபவர்கள் கண்ணாடி வழியாக வயிற்றைப் பாருங்கள், குழி விழுந்திருந்தால் பிழைப்பது கஷ்டம். கேரள ஆறுகளில் 'மிஸ் கேரளா' என்று ஒரு அழகி உண்டு. வெளிநாட்டுத் தொட்டிகளுக்காக அள்ளி அள்ளியே அருகிப் போய், 2008-ல் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று.

என் மீனுக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கிறது. பவானியா ஆஸ்திராலிஸ் என்று பெயர். 1849-ல் ஜெர்டன் என்ற ராணுவ டாக்டர் எழுதி வைத்தது. தென்கிழக்கு ஆசியாவின் ஓடை மீன்களுக்கு நம் தெற்கு மலைகளில் எப்படி உறவு என்று மண்டையை உடைத்துக்கொண்டவர் சுந்தர் லால் ஹோரா. சாத்பூரா மலைத்தொடர் வழியாக ஓடை ஓடையாக வந்திருக்க வேண்டும் என்று 1940-களில் ஒரு கொள்கையே சொன்னார். இன்றும் அதை ஒப்புக்கொள்பவர்களும் மறுப்பவர்களும் உண்டு. வால்பாறைப் பக்கம் போகும் நண்பன், "நாலு பிடிச்சிட்டு வரவா?" என்றான். புலிகள் காப்பகத்தில் அது குற்றம் என்பது ஒரு பக்கம். எனக்கு வேண்டாம் என்பது இன்னொரு பக்கம்.

பதினொன்றில் ஒன்பது தேறியது. ஐந்தை நான் வைத்துக்கொண்டேன். நாலு பெரியவருக்கு. புது ஃப்ரிட்ஜ் வாங்கும் முன்பே இரண்டடித் தொட்டி ஒன்றைத் தன் கையாலேயே ஒட்டி, பைப் வேலையும் செய்துவிட்டார். ரயில் பெட்டிக்குப் போடுகிற ஃபிட்டிங், ஒரு சொட்டு ஒழுகாது. இரும்பு ஆங்கிளில் ஸ்டாண்டு. தொட்டி என் நெஞ்சு உயரத்தில் நிற்கிறது.

"எதுக்கு அங்கிள் இவ்வளவு உயரம்?" என்றேன்.

"அடுத்த தடவை தண்ணி உள்ள வந்தா, இது நனையக் கூடாது பாரு" என்றார்.